வக்கீலம்மா உட்காராத நாற்காலி

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்க்கூட்டம் நடக்கும் புளியமரத்தடியில் போட்டிருந்த மடக்கு நாற்காலி ஒன்று இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வக்கீலம்மாவுக்காகவே எங்கிருந்தோ தூக்கி வந்து, துண்டால் துடைத்துப் போட்டிருந்தார்கள். எண்பதுகளில் நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. கோர்ட் இல்லாத நாட்களில் பஸ் பிடித்து இப்படி ஊர் ஊராகப் போவார். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். அதற்காவது பயப்படட்டுமே என்பார்.

அந்த ஊரில் அரசாங்கம், போலீஸ், கோர்ட் எல்லாமே ஊர்ப் பெரியவர்கள்தான். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் தன் கையைப் பிடித்து இழுத்த நிலக்காரர் மகன்மேல் காலனிப் பெண் ஒருத்தி போலீசில் புகார் கொடுத்துவிட்டாள். அதை வாபஸ் வாங்கிக்கொண்டு காலில் விழ வேண்டும். இல்லையென்றால் அவள் வீட்டுக்கு வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. பெண்கள் கூட்டத்துக்குள் வரவோ பேசவோ கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் அவள் தூரத்தில் வேலியோரம் நிற்க, அவளுக்காக அவள் கணவன் கைகட்டிப் பேசினான். "தெரியாம பண்ணிட்டா சாமி, மன்னிச்சிக்குங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க வாங்கம்மா, சேர்ல குந்துங்க" என்றார் ஊர்த்தலைவர். படித்த பெண் என்றால் வழக்கமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் போலிருக்கிறது. வக்கீலம்மா நேராக வேலியோரம் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நானும் பொம்பளைதாங்க. இங்கயே நிக்கிறேன். இந்தம்மா பேசறது அங்க வரைக்கும் கேக்கும்."

சட்டம் பேசுவார் என்று காத்திருந்த எனக்கு ஏமாற்றம். அந்தப் பெண் ஊர்த்தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "தெரியாம பண்ணல. தெரிஞ்சிக்கினுதான் பண்ணேன். வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள்.

அன்றே அவளை ஊர்விலக்கம் செய்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, அவளைப் பட்டினிக்குத் தள்ளிவிட்டோமோ என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் தண்டனை கொடுத்த மகராசன்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அது மல்லாட்டை பிடுங்குகிற நேரம். ஈரம் காய்வதற்குள் பிடுங்காவிட்டால் மண் இறுகிக் காயெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். பிடுங்குகிறவர்கள் பெண்கள். அவளுக்கு இல்லாத வேலை எங்களுக்கும் வேண்டாம் என்று காலனியில் ஒருத்தியும் கொல்லைக்கு இறங்கவில்லை.

இப்போது விழுப்புரம் கோர்ட்டில், மனைவியைப் பேசவிடாமல் முந்திக்கொள்ளும் ஆண்களைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்து நடந்ததை நினைத்துக்கொள்வேன். நாங்கள் மறுபடி அங்கே போயிருந்த அன்று, நிலக்காரரே காலனி முனைக்கு வந்து அவள் கணவனைக் கூப்பிட்டார்.

"விலக்கத்த எடுத்துடறோம்டா. பொம்பளைங்கள அனுப்பு."

அவன் அன்றும் கைகட்டித்தான் நின்றான்.

"என்னை ஏன் சாமி கேக்கறீங்க? அவ உள்ளதான் கீறா. அவளையே கேளுங்க" என்றான்.