சும்மா கிடந்த ராசாத்தி

பாலம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில், ஊரார் அவளைப் பார்க்க வந்ததைவிட அவளோடு வந்த நாய்க்குட்டியைப் பார்க்க வந்ததுதான் அதிகம். பாத்திரம் பண்டம் எல்லாப் பெண்களும் கொண்டுவருவது. பாலம்மாள் வண்டியிலிருந்து இறங்கும்போதே கன்னி ஜாதி வேட்டை நாய்க்குட்டி ஒன்றை இடுப்பில் வைத்திருந்தாள். அந்த ஜாதியை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள், பெண்ணோடுதான் அனுப்புவார்கள். அப்படி வந்த நாயின் வம்சம் முழுக்க அந்தப் பெண்ணின் பொறுப்பு. குட்டி போட்டால் அவள்தான் பார்க்க வேண்டும், காயம் பட்டால் அவள்தான் மருந்து போட வேண்டும். புருஷன்காரன் வேட்டைக்குக் கூட்டிப் போகலாம், வந்து நாலு பேரிடம் பெருமையடிக்கலாம். அவனுக்குள்ள பாத்தியதை அவ்வளவுதான். சோலைச்சாமி அதை ஒரு குறையும் வைக்காமல் செய்துவந்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் அந்த வம்சத்தில் மூன்று நாய்கள் அவர்கள் வீட்டில் இருந்தன. ஊர் நாகலாபுரத்துக்கு மேற்கே, சுற்றிலும் பருத்திக்காடு.

மூத்தவள் ராசாத்தி. உடம்பு முழுக்கக் கறுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு. அவள் ஓடினால் மண்ணில் கால் படுகிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் மகாராணிக்கு ரோஷம் அதிகம். ஒரு வார்த்தை அதட்டிவிட்டால் போதும், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். பிறகு பாலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றை உருட்டி வாயில் வைத்து, "ஏட்டி, என் தங்கம்லா" என்று கெஞ்ச வேண்டும்.

அடுத்தது மைனர். அப்பன் சிப்பிப்பாறைப் பக்கத்து நாய் என்பதால் இது செவலை. பருத்திக் குவியலைத் தவிர வேறெங்கும் படுக்காது. சேற்றைக் கண்டால் சுற்றிப் போகும். சோலைச்சாமி வேட்டைக்குக் கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். பெயர் வைத்தது பாலம்மாள்தான்.

கடைக்குட்டி பொட்டு. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பஸ் ஹாரன் அடித்தால் வீட்டுக்குள் ஓடி அடுப்படியில் நடுங்கும். சுள்ளி முறிகிற சத்தத்துக்கும் அதே நடுக்கம்தான்.

இந்த மூன்றின் மூச்சும் பாலம்மாளுக்கு மனப்பாடம். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு மத்தியானம் வெறிநாய் ஒன்று ஊருக்குள் வந்தது. சிவனாண்டியின் ஆட்டுப்பட்டியில் புகுந்து இரண்டு ஆடுகளைக் கடித்தது. ராசாத்தி முதலில் பாய்ந்தாள், பொட்டு எந்தச் சாமி வந்ததோ பின்னாலேயே போயிற்று. சண்டை உருண்டு உருண்டு பாலம்மாள் வீட்டு முற்றத்துப் பருத்திக் குவியலின் மேலே விழ, மைனரும் வேறு வழியில்லாமல் அதில் சேர்ந்தது. சோலைச்சாமி வெறுங்கையாலேயே உள்ளே விழுந்து கழுத்தைப் பிடித்துப் பிரித்தான். வெறிநாயை நாலைந்து பேர் சேர்ந்து அடித்து முடித்தார்கள்.

பாலம்மாள் மூன்று நாய்களையும் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து உடம்பெல்லாம் பூசினாள். நாய்க்கு அடிபட்டால் அந்தப் பக்கத்தில் செய்கிற காரியம் அது. பாதி பூசும்போதுதான் விரல்கள் காந்தின. காலையிலிருந்து பருத்தி எடுத்த கை. காய்ந்த காயின் முனை குத்திக் குத்தி நகக்கண்ணெல்லாம் கீறல். அந்தக் கீறலோடுதான் எச்சிலும் ரத்தமும் வழிந்த உடம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீதியையும் பூசி முடித்தாள்.

மஞ்சள் அப்பிய பிறகு எது பல் பட்ட காயம், எது முள் கீறிய காயம் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலமே சிவனாண்டி ஆட்களோடு வந்துவிட்டார். "சோலை, மூணையும் அடிச்சுப் போட்ரணும். ஊருக்குள்ள பிள்ளைகுட்டி இருக்கு."

"அண்ணாச்சி, எது கடிபட்டுச்சின்னே தெரியல. ஒரு மண்டலம் கட்டிப் போடுதேன்" என்றாள் பாலம்மாள். "ஒன்னுக்காவது குறி தெரிஞ்சா நானே வந்து உங்களைக் கூப்பிடுதேன்."

சிவனாண்டி கெட்டவர் அல்ல. இரண்டு ஆட்டைப் புதைத்துவிட்டு வந்தவர். "சரி. ஆனா ஒன்னு. உங்க ரெண்டு பேருல யாராவது கோயில்பட்டிக்கு ஊசி போடப் போனீங்கன்னா, நாய்க்கு வெறி பிடிச்சிருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அன்னைக்கே மூணையும் முடிச்சிருவோம்."

"எங்களுக்கு எதுக்கு ஊசி? எங்களை எதுவும் கடிக்கலையே" என்றான் சோலைச்சாமி, மணிக்கட்டைத் துண்டால் மூடிக்கொண்டே. பாலம்மாளும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த நாய்கள் கயிற்றைக் கண்டதே இல்லை. ஓடுகிற நாயைக் கட்டினால் கால் செத்துப்போகும் என்று அங்கே யாரும் கட்ட மாட்டார்கள். பாலம்மாள் தாம்புக்கயிற்றை மூன்றாக வெட்டி, மைனரை வேம்பிலும், பொட்டுவை வண்டிச் சக்கரத்திலும், ராசாத்தியை மாட்டுக் கொட்டடித் தூணிலும் கட்டினாள்.

அவள் கணக்கு எளியது. நாய்கள் மூன்றும் நன்றாக இருந்தால் தனக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுக்குப் பிடித்தால் தனக்கும் பிடிக்கும். ஊசிக்குப் போனால் மூன்று உயிரும் போகும், போகாமலிருந்தால் தன் உயிர் போகலாம். இதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னால் அந்த நிமிஷமே பஸ் ஏற்றிவிடுவான் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வேம்படிக்குப் போவாள். அங்கிருந்து வண்டி, வண்டியிலிருந்து கொட்டடி. திரும்பி வருவதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். காட்டுக்குப் போனால் ஒரு நிரை முடிப்பதற்குள் ஓடி வந்துவிடுவாள். வெறி பிடித்தால் தண்ணீர் ஆகாது என்பார்களே, அதனால் மூன்று சட்டிகளிலும் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடிக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானும் ஒரு செம்பு குடித்துப் பார்ப்பாள். இறங்கும். அரை நாழிகை நிம்மதி. மறுபடி சந்தேகம் வரும், மறுபடி ஒரு செம்பு. பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய், "என்ன மதினி, முழுகாம இருக்கீங்களா, இந்தத் தாகம் எடுக்குது?" என்று கேலி பேசினாள். ஆவுடைத்தாய் சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மண்டலத்தில் பாதி கழிந்தபோது நாய்களின் குணம் திரிந்தது. தூங்குமூஞ்சி மைனர் தூக்கத்தையே மறந்தது. வேம்பைச் சுற்றிச் சுற்றி மண்ணில் பள்ளமே விழுந்துவிட்டது. கயிற்றைக் கடித்தது, கிட்டப் போனால் பல்லைக் காட்டியது. நடுங்குகிற பொட்டு நாள் முழுக்கக் குரைத்தது, பஸ்ஸைப் பார்த்துக்கூடக் குரைத்தது. ராசாத்தி மட்டும் மாறவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி கிடந்தாள்.

"இவளுக்குக் கட்டிப் போட்ட ரோஷம்" என்றாள் பாலம்மாள். மற்ற இரண்டுக்கும் பயந்து சட்டியைக் குச்சியால் தள்ளிவைத்தவள், ராசாத்தியின் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்து கம்பஞ்சோற்றை உருட்டி வாய்க்குள் வைத்தாள். சோறு வெளியே விழுந்தது, புகட்டிய தண்ணீரும் வழிந்தது. அதையும் ரோஷத்தின் கணக்கிலேயே சேர்த்தாள். "திங்க மாட்டியோ? அவ்வளவு கோவமாட்டி எம்மேல?" என்று கண் கலங்கி, விழுந்ததை எடுத்து மறுபடி ஊட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்துச் சிவனாண்டி ஒரு கதையைக் கொண்டுவந்தார். குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவனை நாய் பிறாண்டியதாம். கடிக்கவில்லையே என்று இருந்துவிட்டானாம். கடைசியில் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறியே செத்தானாம். சோலைச்சாமி கேட்டுவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து, பருத்தி விலை விசாரிக்கப் போகிறேன் என்று முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போவதும் மத்தியானம் திரும்புவதுமாக இருந்தான். குனிந்து நிமிரவே சிரமப்பட்டான். எந்த நாய் எந்தக் காலைத் தூக்கி வைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பாலம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் அவள் அவசரமாகத் தண்ணீர் குடிக்க, புரையேறியது. மூக்கிலும் வாயிலும் வழிந்து, தொண்டை அடைத்து, கண் பிதுங்கியது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். செம்பு உருண்டு போனதைக்கூடப் பார்க்காமல் தலையை முடிந்துகொண்டு ஆவுடைத்தாய் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏட்டி, நான் கோயில்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன். அவியளும் இல்ல. நாய்களைப் பாத்துக்கோ. மைனர்கிட்டயும் பொட்டுகிட்டயும் போயிராத. ராசாத்தி ஒன்னும் செய்ய மாட்டா, பாவம், கோவத்துல கிடக்கா. அவளுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணியைப் புகட்டிரு."

பெரிய ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்குத் தனி வரிசை. பாலம்மாள் கடைசியில் போய் நின்றாள். முன்னால் ஒருவன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட இடமெல்லாம் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. முகத்தைப் பார்த்தாள். சோலைச்சாமி.

அவன் சட்டையை இறக்கிவிட்டான்.

"அன்னைக்குப் பிரிக்கையில பல்லு கீறிட்டு" என்றான் அவன், மணிக்கட்டைக் காட்டி. "சொன்னா நாய்களை அடிச்சிருவாங்களேன்னுதான்..."

அவள் பத்து விரலையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். "நான் எதுக்கு வந்திருக்கேன்னு நினைச்சீங்க? பருத்தி எடுத்த கையோட மருந்து போட்டேனே, அது உங்க கண்ணுல படலையா? காட்டுல முயல் ஓடுனா மட்டும் தெரியுது?"

"நீ சொல்லவே இல்லியே பாலம்மா."

"நீங்க சொன்னீங்களா? எனக்குத் தெரியாம நீங்க மட்டும் பிழைச்சுக்கிடலாம்னு வந்துட்டீங்க!"

அது அநியாயமான பேச்சு. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸம்மா ஜானகியம்மாள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு விவரம் கேட்டாள். "உங்க நாய்க்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டா என்ன? வெறிநாயோட எச்சில் அன்னைக்கே உங்க கையில பட்டாச்சே. அன்னைக்கே வந்திருக்கணும்" என்று சத்தம் போட்டாள். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "இப்போ நாய்கள் எப்படி இருக்கு?" என்றாள்.

பாலம்மாள் மைனரையும் பொட்டுவையும் பற்றிச் சொன்னாள். கட்டாத நாயைக் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸம்மா. "மூணாவது?"

"அது ஒன்னும் செய்யல. சும்மா கிடக்கு. கோவம்."

"திங்குதா?"

"ஊட்டுனா வெளிய விழுந்துருது."

"தாடை தொங்குதா? குரல் கம்மியிருக்கா?"

ராசாத்தியின் வாய் இரண்டு நாளாகவே மூடவில்லை என்பது அப்போதுதான் பாலம்மாளுக்கு உறைத்தது. வெறி பிடித்தால் கடிக்க வரும், துரத்தும் என்றுதானே அங்கே எல்லாருக்கும் தெரியும்? சும்மா கிடந்தும் சாகும் என்று யார் கண்டார்கள்? இதே ராசாத்திக்கு ரோஷம் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பாள்.

"இன்னைக்குக் காலையிலகூட வாய்க்குள்ள கைவிட்டு ஊட்டினேன்" என்றாள். பிறகு, "ஐயோ, ஆவுடை!" என்று எழுந்தாள். ஊசி போட்டு முடியும்வரை சோலைச்சாமி அவளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பஸ் எட்டயபுரத்தில் டீ குடிக்க நின்றது. பாலம்மாள் டிரைவரிடம் போய்ச் சண்டை போட்டாள். ஏறி உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் வரும்வரை உட்காரவில்லை.

முற்றத்தில் மைனர் செத்துக் கிடந்தது. வண்டிச் சக்கரத்தில் அறுந்த கயிறு மட்டும் தொங்கியது. பொட்டு பயந்து எங்கேயோ ஓடி ஒளிந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காலையில் கோவில்பட்டி போனதைப் பார்த்த சிவனாண்டிக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

கொட்டடியில் ஆவுடைத்தாய் ராசாத்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கையெல்லாம் நாயின் எச்சில்.

"மதினி, கால்ல விழுந்து கெஞ்சினேன். மைனரை விடல. இது சும்மாதானே கிடக்கு, இதையாவது விடுங்கன்னேன். அண்ணாச்சி வந்து பாத்துட்டு, சரி, இது நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டாங்க. இவளையாவது காப்பாத்திட்டேன் மதினி."

பாலம்மாள் அவளை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். சோப்பைப் போட்டு விரல் விரலாகத் தேய்த்தாள். ஆவுடைத்தாயும் பருத்தி எடுக்கிறவள்தான், அவள் நகக்கண்ணிலும் அதே கீறல்கள். பாலம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவளுக்குப் பின்னால் சோலைச்சாமி ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கொட்டடிக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேர் போனார்கள். ஊசி ஆளுக்குப் பதினாலு. மூவரும் பிழைத்தார்கள், பொட்டுவும் பிழைத்தது. இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள்.

ஆனால் அந்த முதல் நாள் பஸ்ஸில், பாலம்மாள் திடீரென்று கேட்டாள்: "ஏட்டி, மைனர் அடிக்க வந்தவங்களைக் கடிக்கப் போச்சா?"

ஆவுடைத்தாய் தலையை ஆட்டினாள். "இல்ல மதினி. நாலு பேரு கம்போட வரவும், வாலை ஆட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னுச்சு. வேட்டைக்குக் கூப்பிடுதாகன்னு நினைச்சிருக்கும் போல."