ஓரத்தில் நான்கு விரல்கள்

“இந்த ஓரத்த அரை இஞ்ச் வெட்டிட்டா அம்சமா இருக்குமுங்கம்மா” என்று சட்டம் போடும் கடைக்காரத் தம்பி ஸ்கேலை வைத்ததும், நான் படத்தின் மேல் கையை வைத்துவிட்டேன். மாம்பூங்கொத்துப் படம் அது. காலை வெயிலில் ஒவ்வொரு மொக்கும் தனித்தனியாகத் தெரியும். நடுவில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கும். வலது ஓரத்தில் நான்கு விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் அந்தத் தம்பி வெட்டப் பார்த்தார். பழைய சட்டத்தின் பலகையைக் கரையான் தின்றுவிட்டதால் திருச்செங்கோட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன்.

படத்தை எடுத்தவர் டீச்சர். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் எங்கள் பக்கத்தில் டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தியவர். இந்தச் சுற்றுவட்டாரத்துப் பழமரங்கள் பூப்பதையெல்லாம் படமெடுத்து ஒரு புத்தகமாக்க வேண்டுமென்று ஆறு வருஷம் தோட்டந்தோட்டமாக அலைந்தார். எங்கள் கொய்யாவின் முன்னால் ஒரு மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கேமராவில் பளிச்சென்று அடிக்கும் லைட்டை அவர் போட்டதே இல்லை. “வெயிலு குடுக்கற வெளிச்சம் போதுமுங்க்கா. அது வர்ற வரைக்கும் நாமதான் காத்துக்கிட்டு இருக்கோணும்” என்பார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் வேலை தெரிந்தவர் யார், வேடிக்கை காட்டுபவர் யார் என்று எனக்குத் தெரியும்.

கொய்யா, மாதுளை, நாவல், புளி எல்லாம் ஆகிவிட்டன. மாம்பூ மட்டும் பாக்கி. முந்தைய இரண்டு வருஷமும் பனியில் கருகிப்போயிருந்தது. அந்த வருஷம் எங்கள் கிணற்றோரத்து மரம் இலை தெரியாமல் பூத்தது. ஆனால் அந்த மாதக் கடைசியில் டீச்சருக்கு ரிட்டையர்டு. கேமரா காலேஜினுடையது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். “இந்த ஞாயித்துக்கிழமையை உட்டா எனக்கு மாம்பூவே இல்லீங்க்கா” என்று போனில் சொன்னார்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது மரத்தைப் பார்த்தேன். மண்ரோட்டில் போர் போடும் ரிக் லாரிகள் போய் வந்து பூவெல்லாம் செம்புழுதி. படம் பிடிக்க வருகிறார்கள், இந்தக் கோலத்திலா நிறுத்துவது? மோட்டாரைப் போட்டு, டியூபைப் பிடித்து, கல்யாணப் பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றுவது போல மரத்துக்கு ஊற்றினேன். மோட்டார் ரூம் மேலே சாய்ந்த கிளைக்கு மட்டும் அடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் தண்ணீர் இறங்கிவிடுமே என்ற பயம்.

காலையில் பார்த்தால் மரத்தடி முழுக்க ரவை கொட்டினது போல் பூ. கிளையில் இருந்ததும் நனைந்து பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. “பூவைக் குளிப்பாட்டுன மொத ஆளு நீதான்” என்றார் எங்கள் வீட்டுக்காரர். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய டீச்சர் மரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார்.

“நாந்தானுங்க டீச்சர். அழுக்கா இருந்துச்சுன்னு…”

ஆறு வருஷப் பாடு ஒரு ராத்திரியில் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவர் கேமரா பையைக் கீழே வைக்காமலே மரத்தை ஒரு சுற்று வந்தார். மோட்டார் ரூம் பக்கம் நின்றார். மேலே சாய்ந்த கிளையில் மட்டும் பூ புழுதியோடு அப்படியே இருந்தது. “இந்தக் கெளைக்கு ஏனுங்க்கா ஓரவஞ்சனை?” என்றார். காரணத்தைச் சொன்னேன். அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். “அந்தப் பயத்துக்கு ஒரு கும்புடுங்க. ஏணி இருக்குதுங்களா?”

ஐம்பத்தெட்டு வயதில் சேலையைச் செருகிக்கொண்டு மோட்டார் ரூம் மேலே ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். வெயில் பூவின் முதுகில் விழுந்தது, முகம் இருட்டாக இருந்தது. வெள்ளைத் துணி கேட்டார். கொடியில் காய்ந்த புது வேட்டியைக் கொண்டுவந்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரர், “என்ற வேட்டியை மரத்துக்குக் கட்டப்போறயா?” என்று சத்தம் போட்டார். வேட்டியை விரித்து வெயிலுக்கு எதிராகப் பிடித்தேன். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் பூவின் முகத்தில் விழுந்தது. கை கடுத்தது. விடவில்லை.

பத்துப் பதினைந்து எடுத்திருப்பார், திருப்தி இல்லை. எதற்கோ காத்திருந்தார். அப்போது ஒரு ஈ வந்து பூவில் உட்கார்ந்தது. சும்மா இருப்பேனா? ஓட்டுவதற்கு ஒரு கையை எடுத்துவிட்டேன்.

“ஓட்டாதீங்க்கா! அது வந்தாத்தான் காயே!”

என் கை அந்தரத்தில் நின்றது. அந்த நொடியில் எடுத்ததுதான் இந்தப் படம். ஈ பறந்துவிட்டது, மறுபடி வரவில்லை. புத்தகத்திலும் என் விரல்களோடுதான் போட்டார். கூச்சமாக இருக்கிறது, வெட்டிவிடுங்கள் என்றேன். “பூ பூத்துச்சு, வெயிலு அடிச்சுது, ஈ வந்துச்சு, நீங்க வேட்டி புடிச்சீங்க. இதுல ஆரை வெட்டறதுங்க்கா?” என்று கேட்டார். டீச்சர் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். தை பிறந்தால், மரம் பூத்ததா என்று கேட்டுப் போன் வந்துவிடும்.

“வெரலு ஆருதுங்கம்மா?” என்று கடைக்காரத் தம்பி கேட்டார். சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்டதிலிருந்து என் ஆட்காட்டி விரல் நகம் இரண்டாகப் பிளந்து வளரும். படத்திலும் அது தெரியும். கையை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்து, “பாரு சாமி” என்றேன்.

அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார். பிளேடைத் தள்ளி வைத்துவிட்டு, “சட்டத்தை அரை இஞ்ச் பெருசாப் போட்டுடறனுங்க” என்றார்.