குழாயைத் திறக்க மறுத்த அக்கா

முதுநகரில் நான் வேலை பார்த்த இறால் ஏற்றுமதி கம்பெனியில், அந்த அக்கா முதலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கழிவுநீரைச் சுத்தப்படுத்தினால்தான் சரக்கு வாங்குவோம் என்று வெளிநாட்டார் சொன்னதும், கம்பெனி அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்து சுத்திகரிப்புப் பிரிவுக்கே பொறுப்பாளரானார். ஒல்லியான உடம்பு, சேலைமேல் நீலக் கோட்டு. சுத்திகரித்த நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஆற்றில் விடமாட்டார்.

ஒரு மழைநாளில் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகி, கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது.

"ஆத்துல தொறந்து விடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் மேலாளர்.

"எனக்குத் தெரியும் சார். படிச்சிட்டு வான்னு அனுப்புனதே நீங்கதான? மெஷின் சரியாகுற வரைக்கும் வேலைய நிறுத்துங்க."

மேலாளர் மழையில் நனைந்துகொண்டே போய், அவரே வேலையை நிறுத்தினார்.

அந்த அக்காவோடு வேலை பார்த்தவன் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.