காரியத்துக்கு முன்னால் ஒரு புள்ளடி

அப்பாவின் காரியம் முடியவில்லை. அதற்குள் பாராளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை, தாலி கழற்றியவள் வாசல் தாண்டக் கூடாது. மஹய்யாவயில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அதுதான் வழக்கம். அம்மாவோ விடிந்ததும் தலையை வாரிக்கொண்டு வாக்காளர் அட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீ ஒருத்தி போடலன்னா அரசாங்கம் கவுந்துருமா? உள்ள போ புள்ள."

"கவுந்தா கவுரட்டும். வழிய விடுங்க மாமா."

நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் எதற்கு யாரிடம் போய்க் கத்த வேண்டும் என்று தெரியும். தெருவில் குப்பை நாறினால் மாநகர சபை. பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வராவிட்டால் மாகாண சபை. நாம் இந்த நாட்டு ஆளா, இல்லையா என்று சட்டம் போடுவது பாராளுமன்றம். சுதந்திரம் கிடைத்த கையோடு தேயிலைத் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது அந்த இடம்தான். மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்த அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது அவருக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. அப்புறம் ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. காய்ச்சலோடுகூடப் போய் வரிசையில் நின்றார். அப்படிப்பட்ட மனிதருடைய சாவைச் சொல்லி அம்மாவின் வாக்கைத் தடுப்பதா? எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

"அப்பா இருந்திருந்தா ஒங்களத் தள்ளிவிட்டுட்டு அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாரு பெரியப்பா. நான் தள்ளவா, நீங்களே நகர்றீங்களா?"

"வாயப் பாரு இவளுக்கு!" என்றார். ஆனால் நகர்ந்தார்.

வாக்குச்சாவடி வரிசையில் நின்ற எங்கள் லயத்துப் பெண்கள் தீட்டுக்குப் பயந்து எங்களைவிட்டுத் தள்ளி நின்றார்கள். காற்றோட்டமாக இருக்கிறது என்றேன். அம்மா என்னைக் கிள்ளினாள். உள்ளே போய்க் கட்சிச் சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடியும், அந்தக் கட்சியில் பிடித்த வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு மூன்று புள்ளடியும் போட்டுவிட்டு வந்தாள்.

திரும்பும்போது பெரியம்மா குழாயடியிலேயே பிடித்துக்கொண்டார். "தலைக்கு ஊத்திக்கிட்டு வீட்டுக்குள்ள போ."

அம்மா மறுக்கவில்லை. வாளி வாளியாக ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையோடு வந்து, மை பூசிய சுண்டுவிரலைப் பெரியப்பாவுக்கு நேரே நீட்டினாள்.

"யாருக்குப் போட்ட?" பெரியப்பாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதக் கேக்கக் கூடாது மாமா. போய் ஒங்க வோட்டப் போடுங்க, மூடிறப் போறாங்க."