நிலத்திலிருந்து எழும்புதல்

பக்கத்துச் செத்தவீட்டில் பாயில் இருந்த எனக்கு எழும்ப முடியவில்லை. நோவில்லை, விறைப்பில்லை. ஊன்றினால் கால் என்னைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பாரிசவாதத்தில் படுக்கையாய்க் கிடந்த அம்மாவை நினைத்தேன். எனக்கும் அதுதான் தொடங்கிவிட்டது என்று பயந்து, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வவுனியாவிலிருந்து என் பெறாமகள், தங்கையின் மகள், போனில் கதைத்தாள். தங்கை இப்போது இல்லை. பிள்ளை பிறந்தால் நான்தான் வந்து குளிக்க வார்க்க வேண்டும் என்றாள். அதற்கு நிலத்தில் கால் நீட்டி இருந்து, கால்மேல் பிள்ளையைக் கிடத்த வேண்டும். பிறகு ஈரப்பிள்ளையோடு எழும்ப வேண்டும். ஓம் என்று சொல்லிவிட்டு, அடுத்தநாளே கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் என் அன்றாட வேலைகளை விசாரித்தாள். கிணற்றுக்கு மோட்டார், அடுப்புக்கு காஸ், போய்வர வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள். பென்சன் எடுத்த பிறகு எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் என் கால்களுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

“அம்மா, இது பாரிசவாதமில்லை, வேற வருத்தமுமில்லை,” என்றாள். “வேலை குடுக்காததால தசை மெலிஞ்சு போச்சு. இந்த வயதிலயும் திருப்பிக் கொண்டுவரலாம்.”

வெளியே வாங்குப் பலகையில் இருந்து கொஞ்சம் அழுதேன். மனம் லேசானதில்தான் அந்த அழுகை.

கையைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி, மெதுவாகத் திரும்ப இருக்கச் சொல்லியிருந்தாள். தொடக்கத்தில் தொடை நடுங்கியது. கதிரையோடு என்ன கோபம் என்று வீட்டுக்காரர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய்த் தன் கதிரையையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். பால் விடாத பிளேன்ரீயும் பிஸ்கற்றுமாக முடித்துக்கொண்ட இரவுச் சாப்பாட்டில் முட்டையும் பயறும் சேர்ந்தன. கதிரைக்குப் பிறகு தாழ்ந்த பலகை, கடைசியில் வெறும் நிலம். அதுவும் பழகியதும் ஒரு அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழும்பினேன்.

பெறாமகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, நான் வவுனியாவுக்குப் போனேன். முதல்நாள் வார்த்து முடிய, அவள் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“பிள்ளையைத் தாங்கோ பெரியம்மா, நீங்கள் எழும்புங்கோ.”

“வேண்டாம், நான் எழும்புறன்.”

ஒரு காலை மடித்து, மற்றப் பாதத்தை ஊன்றி, பிள்ளையோடு எழும்பினேன். கால் தாங்கியது. பிள்ளை கொட்டாவி விட்டது. அவள் துவாயை விரித்து வாங்கிக்கொண்டு, தண்ணீர்ச் சூடு போதுமாக இருந்ததா என்று கேட்டாள். நான் எழும்பியதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.