இ-புக்குக்குப் பார்சல் கட்ட வந்த சலீம் பாய்

சலீம் பாய் போய்விட்டார். இன்று விடியற்காலையில்... நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று தண்ணீர் கேட்டாராம். கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் சின்னப் பதிப்பகத்தில் எப்போதாவது புத்தகம் வாங்கியிருந்தால், "புக்கு வந்து சேந்துச்சாம்மா?" என்று ஒரு போன் வந்திருக்குமே... அவர்தான்.

எங்கள் பார்சல் செக்‌ஷன் என்றால் அவர் ஒருவர்தான். அதற்கு முன்னால் பட்டுப்புடவைக் கடையில் புடவை மடித்துக் கொடுத்தவர். அந்தக் கை அப்படியே இருந்தது. பழுப்புத் தாளில் ஒரு சுருக்கம் விழுந்தால்கூடப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவார்.

அப்புறம் முதலாளி இ-புக் போட ஆரம்பித்தார். பேப்பர் விலை ஏறிப்போச்சு, கடைகளிலிருந்து புத்தகம் திரும்பி வருகிறது, இனிமேல் வெப்சைட்தான் நமக்குக் கடை என்றார். பழைய புத்தகங்களை இ-புக்காக மாற்றும் வேலை எனக்கு வந்தது.

முதல் ஆர்டர் ஒரு சமையல் புத்தகம். ஸ்கிரீனில் ஆர்டரைப் பார்த்ததுமே பாய் தாளை வெட்டி, விலாசம் எழுதி ஒட்டி, சணல் கயிற்றோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"புக்கு எங்கம்மா?"

"அது போயிடுச்சு பாய்."

"யாரு எட்த்துக்கினு போனாங்க? நான் இங்கியேதான குந்திக்கினு இருக்கேன்!"

ஆபீஸே சிரித்தது. நான் விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். டீ குடிக்கும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார். "அப்போ எனக்கு இன்னாம்மா வேலை இங்க?"

பார்சல் குறைந்துகொண்டே வந்தது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த வயசான காலத்தில் இன்னொரு கடையில் போய் நின்றால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

ஆனால் அந்த போன் பண்ணும் பழக்கத்தை அவர் விடவில்லை. இ-புக் வாங்கியவர்களுக்கும் பண்ணினார்! "அது செகண்டுல போயிடும் பாய், கேக்கவே தேவையில்ல" என்றேன். கேட்டால்தானே...

பார்த்தால், பாதிப் பேர் "வரவே இல்லீங்க" என்கிறார்கள். வந்துதான் இருந்தது, திறக்கத் தெரியவில்லை. இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. பாய் என்னிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "அந்த மூணு புள்ளிய அமுக்குமா... ஆங், அதான்."

போனில் சொல்லிப் புரியாதவர்களுக்கு? நேரில்! பக்கத்துக் கிராமம் முசரவாக்கத்தில் தறி நெய்யும் ஒரு அம்மா, நாங்கள் போட்ட குடும்ப நாவல் ஒன்றை இ-புக்காக வாங்கிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். பாய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இ-புக்கை வீடு தேடிப் போய் டெலிவரி பண்ணிய மனுஷன் வேறு யாராவது இருக்கிறார்களா, சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்குப் படிக்க நேரமே இல்லை. பாய் போனையே சத்தமாக வாசிக்க வைத்து, இயர்போனைக் காதில் மாட்டிவிட்டு வந்தார். "கையும் கண்ணும்தான்மா தறியில இருக்குது, காது சும்மாதான இருக்குது. நீ கேட்டுக்கினே நெய்யி." அடுத்த வாரமே அதே தெருவிலிருந்து ஆர்டர்கள் வந்தன.

அதற்கப்புறம்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வெப்சைட்டில் "உதவிக்கு: சலீம் பாய்" என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். பாய் அதை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். அன்று எல்லோருக்கும் அவர் செலவில் சமோசா.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். தூங்குகிற மாதிரிதான் இருந்தார்.

கூட வேலை பார்த்தவர் இறந்தால் இங்கே அன்றைக்குக் கடையை மூடிவிடுவது வழக்கம். முதலாளி ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வெப்சைட்டயும் சாத்திடும்மா."

"அதெல்லாம் சாத்தறது இல்ல சார். எப்பவும் தொறந்தேதான் இருக்கும்."

"இன்னிக்கி சாத்து. பாயி போன அன்னிக்கி நம்ம கடை எப்டிமா தொறந்திருக்கும்?"

சாத்திவிட்டேன். இன்று உள்ளே போனால் அவர் படம் மட்டும்தான் இருக்கும். எதையும் வாங்க முடியாது, தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிம்மதியாகத் தூங்குங்க பாய்...