சாலைக் கடைத்தெருவின் தென்காசிப் பிள்ளை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தானிய மொத்தக் கடையொன்றின் கணக்கப்பிள்ளை கோமதிநாயகம். தென்காசியைப் பற்றி எவருக்கு என்ன ஐயம் எழுந்தாலும் அவரிடமே வந்தனர். சந்தையில் பருப்பு எந்தப் பக்கம் விற்கும், கோயில் வாசலில் காற்று எப்படி வீசும், எந்தக் காப்பிக் கிளப்பில் இட்டிலி மெத்தென்று இருக்கும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மூடிக்கொள்வதற்குக் காரணம் இருந்தது; அந்தக் கண்கள் தென்காசியைக் கண்டதே இல்லை. சரக்கோடு வரும் வியாபாரிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு அது. கடைத்தெரு அவருக்குத் 'தென்காசிப் பிள்ளை' என்று பட்டம் சூட்டியிருந்தது. அதை மறுக்கும் அளவுக்கு அவர் நன்றி கெட்டவர் அல்லர்.

தம்பானூருக்கு ரயில் வந்த சில ஆண்டுகளுக்குப் பின், ஓர் ஆடி மாதத்தில், அவருடைய மச்சினன் சிதம்பரதாணு தென்காசிக்குப் போகலாம் என்றான். அதே தெருவில் துணிக்கடை வைத்திருந்தவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அத்தான் முன்னால நடந்தா யாருகிட்டயும் வழி கேக்கண்டாமே!"

கணக்கப்பிள்ளை சாக்குத் தேடுவதற்குள் அவர் மனைவி சரஸ்வதியம்மாள் புளிச்சோறு கட்டிவிட்டாள். குட்டு வெளிப்பட்டால் மச்சினன் மூலம் சாலை முழுவதும் பரவும், பட்டம் பறிபோகும். அந்தக் கவலையோடுதான் அவர் மனைவி, மச்சினனோடு வண்டியேறினார்.

கொல்லம் கடந்ததும் மலை தொடங்கியது. "மலையக் குடைஞ்ச குகை ஒண்ணு வரும், பயப்படாதீங்கோ," என்றார். வந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்றும் வந்தது.

"இது என்னது அத்தான்?"

"அதுக்க தம்பி. சும்மா இரிடே."

மூன்றாவது குகை வந்தபோது அவர் உறங்கிவிட்டார். உறங்குபவரைப் போல இருந்தார் என்பதே பொருத்தம்.

தென்காசியில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. சந்தையில் பருப்பு இருக்குமென்று அவர் அழைத்துச் சென்ற இடத்தில் மாடுகள் நின்றன. "மாத்திட்டானுவ," என்றார் வருத்தத்தோடு. சிதம்பரதாணு மாட்டையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தான்.

கோயில் வாசலை அடைந்ததும் கணக்கப்பிள்ளைக்குத் தெம்பு வந்தது. கோயில் நடைமுறையில் ஐயத்துக்கு இடமேது? சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "உம், நீயும் கழத்து. இங்க கணிசம், சட்டையோட உள்ள விடமாட்டானுவ," என்று அதட்டினார். பத்மநாபசுவாமி கோயிலில் பழகிய கை. சிதம்பரதாணுவும் மறுபேச்சின்றிக் கழற்றினான். வாசலுக்குள் வீசிய ஈரக் காற்று இருவருடைய வெற்று மார்பிலும் மோதியது. பற்கள் தாளம் போட்டன. அவர்களைக் கடந்து சட்டை, கோட்டு, தலைப்பாகை சகிதமாக மனிதர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணி சிரித்தாள். "திருவனந்தபுரமாய்யா? முதல் தடவை வாற ஆளுகதான் இப்பிடி நடுங்கிக்கிட்டு நிப்பாக. சட்டையப் போட்டுக்கிட்டே போங்க, சாமி கோவிக்காது!"

சிதம்பரதாணு மெதுவாகத் திரும்பிச் சிரித்தான். "முதல் தடவையா, அத்தான்?"

கணக்கப்பிள்ளை பூவை விலை கேட்டார்.

"நீ சிரிக்காதடே," என்றாள் சரஸ்வதியம்மாள். "அவுக சொன்னாகன்னு நீயும்தானே கழத்தினே?" பிறகு கணவரிடம், தாழ்ந்த குரலில்: "எனக்கு மூணாவது குகையிலயே தெரியும்."

மறுநாள் ஊர் திரும்பியதும் கணக்கப்பிள்ளை வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தம்பானூரிலிருந்து நேரே சாலைக்கு விரைந்தார். மச்சினன் தமக்கையை வீட்டில் விட்டு வந்து சேர்ந்தபோது, கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது.

"ஆமா, இதுக்கு முன்ன நான் போனதில்ல. இப்பப் போனேன்லா? கேளுங்க. அந்தக் காத்து இருக்கே, உடுத்த சட்டைய உருவிட்டுப் போயிட்டு! எனக்க சட்டை மட்டுமில்ல, இவனுக்க சட்டையும்!"

"பொய்!" என்று கத்தினான் சிதம்பரதாணு. "நாங்களாத்தான் கழத்தினோம்!"

"ஆடி மாசக் குளிருல, சாரல்ல நின்னு, நீராவா கழத்தினீரு?" என்றார் ஒரு மளிகைக்காரர். "பிள்ளை நேருல பாத்துட்டுச் சொல்லுகாரு. நீரு சும்மா இரும் வே."